தேங்காயின் ஐந்து பதங்கள்: குமரி மாவட்டத்துத் தொடுகறிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை எந்த வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும், தேங்காய் சேர்ந்த தொடுகறி ஒன்றாவது இலையில் விழும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து அப்போதைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. ஆனாலும் திருவனந்தபுரத்து அடுக்களையில் உள்ள துவரனும் அவியலும் எரிசேரியும் தீயலும் இங்கேயும் அன்றாடச் சமையல்தான். மிளகாயும் புளியும் ஒரு பிடி தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியூர்க்காரர்கள் இந்தக் கறிகளைப் பார்த்து மலைப்பது பெயர்கள் அதிகமாக இருப்பதால். சாமான் என்னவோ எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: தேங்காய், சீரகம், மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய். தேங்காயை எவ்வளவு அரைக்கிறோம், எந்த நேரத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் கறிக்குக் கறி ருசி மாறுகிறது. அதனால் காய்களை வைத்து வரிசைப்படுத்தாமல் தேங்காயின் பதத்தை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். இந்த வரிசையில் போனால், புதுக் காய் ஒன்று கையில் கிடைத்தாலும் அதை என்ன செய்யலாம் என்று உங்களுக்கே தெரியும். அளவுகள் எல்லாம் நாலு பேருக்கு. கப் என்றால் 200 மில்லி டம்ளர்.

முதலில் தேங்காயும் எண்ணெயும்

நன்றாக விளைந்த தேங்காய் வேண்டும். கையில் எடுத்தால் கனமாக இருக்கணும். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கணும். இளசாக இருந்தால் கறி தண்ணீர் விடும், முற்றிக் கொப்பரை ஆகத் தொடங்கியிருந்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். திருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை போகாமல், வெள்ளை முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். கிச்சடிக்கும் அவியலுக்கும் இது முக்கியம், நிறம் கெட்டுவிடும். தீயலுக்குக் கவலை இல்லை, எப்படியும் வறுக்கத்தான் போகிறோம். சுமாரான தேங்காயின் ஒரு முறியில் (பாதித் தேங்காயில்) ஒரு கப்புக்குக் குறையாமல் துருவல் கிடைக்கும்.

ஃப்ரீசரில் வைத்த துருவலைப் பயன்படுத்தலாம், ஆனால் வெளியே எடுத்து வைத்துச் சில்லிப்பு போன பிறகு அரைக்க வேண்டும். பாக்கெட்டில் வருகிற உலர்ந்த தேங்காய்த் தூள் புதுத் தேங்காய் போலப் பால் விடாது. அது மிட்டாய்க்கு ஆகும், இதற்கு ஆகாது.

எண்ணெய் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயாக இருக்கட்டும். கடலை எண்ணெயில் துவரன் செய்தால் அதுவும் நல்ல பொரியல்தான், ஆனால் துவரன் ஆகாது. பெங்களூரிலோ ஊட்டியிலோ இருக்கிறவர்கள் எண்ணெய் உறைந்துபோனதைப் பார்த்துக் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு.

முதல் பதம்: சதைத்தது (துவரன்)

பழகுவதற்கு இதுதான் சரியான இடம். பயற்றங்காயில் தொடங்குங்கள், அது எளிதில் குழையாது.

தேவையானவை: நீளப் பயற்றங்காய் 300 கிராம், துருவிய தேங்காய் முக்கால் கப், பச்சை மிளகாய் 3, சீரகம் அரை டீஸ்பூன், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 3, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். தாளிக்கத் தேங்காய் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், கடுகு அரை டீஸ்பூன், உளுத்தம்பருப்பு ஒரு டீஸ்பூன், மிளகாய் வத்தல் 1, கறிவேப்பிலை.

பயற்றங்காயை அரை விரல்கடைக்கும் குறைவாகப் பொடியாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வெந்தும் பாதி வேகாமலும் நிற்கும். அடுத்தது தேங்காய். மிக்ஸியில் மிளகாய், சீரகம், உள்ளி, மஞ்சளை மட்டும் முதலில் ஒரு சுற்று விட்டு ஒன்றிரண்டாக்குங்கள். பிறகு தேங்காயைப் போட்டு, குமிழை இடது பக்கம் திருப்பி விட்டு விட்டு நாலு தடவை ஓட்டினால் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. துருவல் தன் உருவத்தோடு இருக்கணும், மிளகாயும் சீரகமும் அதில் ஏறியிருக்கணும். அம்மி இருக்கிற வீட்டில் குழவியால் ரெண்டு இழுப்பு இழுத்தால் வருகிற பதம் இது. அம்மியில் சதைத்ததுதான் ருசி என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மிக்ஸி பிளேடு வெட்டுகிறது, அம்மி நசுக்குகிறது, நசுங்கினால்தான் பால் கசியும். அதற்காக ஒரு பயற்றங்காய்த் துவரனுக்கு அம்மியைக் கழுவுவதா என்றால், நான் கழுவ மாட்டேன்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, வத்தல், கறிவேப்பிலை தாளித்து, காயையும் உப்பையும் போட்டுக் கிளறி, ரெண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடுங்கள். சிறு தீயில் ஆறிலிருந்து எட்டு நிமிடம். தண்ணீர் வற்றியதும் காயை ஓரமாக ஒதுக்கி நடுவில் குழி செய்து, அதில் சதைத்த தேங்காயை வைத்து, காயாலேயே மூடி, மேலே தட்டும் போட்டு மூன்று நிமிடம் விடுங்கள். காயின் ஆவியில் தேங்காயின் பச்சை வாடை போகும், ஆனால் அது வறளாது. அப்புறம் திறந்து, எல்லாவற்றையும் கலந்து ஒரு நிமிடம் புரட்டி இறக்கிவிடலாம். தேங்காயைக் கடைசியில் மேலே தூவிப் பொரியல் செய்து பழகியவர்கள் இந்தக் குழி வேலையை விட்டுவிடுவார்கள். விட்டால் மிளகாய் பச்சையாக நாக்கில் நிற்கும்.

காய் மாறினால் சில மாற்றங்கள் உண்டு. முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து, உப்பும் சதைத்த தேங்காயும் சேர்த்துக் கையால் பிசிறி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு நேராகத் தாளிப்பில் கொட்டுங்கள். தண்ணீர் வேண்டாம், அதுவே விடும். முருங்கைக்கீரைக்கும் மற்ற கீரைகளுக்கும் மூடி போடக்கூடாது. ஆவி உள்ளேயே தங்கினால் பச்சை நிறம் மங்கிவிடும். வாழைப்பூவை நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காது. கூட ஒரு பிடி வேகவைத்த சிறுபயறு சேர்த்தால் துவர்ப்பு அடங்கும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிற வீடுகளில் தோலை எறிய மாட்டார்கள், பொடியாக நறுக்கிச் சிறுபயறோடு துவரன் வைத்துவிடுவார்கள். மாசிப் பக்கம் இடிச்சக்கை (பிஞ்சுப் பலாக்காய்) கிடைத்தால் துண்டு போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, ஆறியதும் இடித்து உதிர்த்துக்கொண்டு இதே முறைதான். துவரன் வகையில் அதற்கு மேல் ஒன்று கிடையாது என்பது என் கட்சி.

தேங்காயே இல்லாமல் ஒன்று (மெழுக்குப்புரட்டி)

குழம்பில் ஏற்கனவே தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் தொடுகறியிலும் தேங்காய் வேண்டாம். ரெண்டு ஏத்தங்காயைத் தோல் சீவி விரல்கணு அளவுக்கு நறுக்கி, மஞ்சள், உப்பு, காய் பாதி முழுகத் தண்ணீர் விட்டு, தண்ணீர் சரியாக வற்றும்படி வேகவையுங்கள். ஆறேழு சின்ன உள்ளியையும் மூன்று மிளகாய் வத்தலையும் ஒன்றிரண்டாக இடித்து, ரெண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் வதக்கி, காயைப் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் அவ்வப்போது புரட்டினால் ஓரம் முறுகி வரும். சேனை, சேம்பு, பயற்றங்காய், கோவைக்காய் எல்லாவற்றுக்கும் இதுவே. எண்ணெயில் கை இழுத்தால் இந்தக் கறி வராது.

இரண்டாம் பதம்: கொரகொரப்பு (அவியல்)

அவியலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் இந்தப் பக்கத்தில் நாலு பேருக்கு ஆறு கருத்து இருக்கும். தயிரா, மாங்காயா, புளியா என்பதே ஒரு நாள் பேச்சு. எங்கள் பக்கத்தில் மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்ற நாட்களில் தயிரோ புளிக்கரைசலோ. மூன்றும் சரிதான், ஒன்றாகச் சேர்க்காத வரைக்கும்.

காய்கள் எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ. சேனை, ஏத்தங்காய், முருங்கைக்காய், தடியங்காய் (நீர்ப்பூசணி), சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்), பயற்றங்காய், புடலங்காய், வழுதலங்காய் (கத்தரிக்காய்). இவற்றில் ஆறு இருந்தாலே போதும். வடசேரி கனகமூலம் சந்தை போன்ற இடங்களில் சேனையையும் தடியங்காயையும் துண்டு போட்டே வாங்கலாம், முழுசாக வாங்கி வீட்டில் வாட வைக்க வேண்டியதில்லை. கேரட் போடுகிறார்கள், நிறத்துக்காக, பரவாயில்லை. உருளைக்கிழங்கு போட்டால் மாவு கரைந்து கறி கூழாகும். பீட்ரூட், வெண்டைக்காய், தக்காளி மூன்றும் இந்தப் பாத்திரத்துக்குள் வரக்கூடாது.

எல்லாவற்றையும் விரல் நீளம், விரல் கனத்தில் நீளவாக்கில் நறுக்க வேண்டும். சேனை வெட்டும்போது கை அரிப்பதற்குக் காரணம் அதில் உள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஈரம் படாமல் தோலைச் சீவி நறுக்கிவிட்டு, அதன் பிறகு கழுவுங்கள்.

அரைக்க: தேங்காய் ஒன்றேகால் கப், சீரகம் ஒரு டீஸ்பூன், பச்சை மிளகாய் 5, சின்ன உள்ளி 4. ரெண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டு, ரவையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது நிறுத்துங்கள். மைய அரைத்தால் அது கூட்டு ஆகிவிடும்.

1. அடிகனமான அகலப் பாத்திரத்தில், உருளி இருந்தால் அதிலேயே, சேனை, ஏத்தங்காய், சீனியவரை மூன்றையும் அடியில் போடுங்கள். மஞ்சள் அரை டீஸ்பூன், உப்பு, அரை கப்புக்குக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர். மூடி எட்டு நிமிடம்.

2. முருங்கைக்காயும் பயற்றங்காயும் வழுதலங்காயும் அதன் மேல். மறுபடி மூடி ஐந்து நிமிடம்.

3. தடியங்காயும் புடலங்காயும் கடைசி, இவை தண்ணீர் விடும் ரகம். இன்னும் நாலைந்து நிமிடம். சேனையைக் குத்திப் பார்த்தால் கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும்.

4. புளிப்பு இப்போதுதான். மாங்காய்த் துண்டோ, கால் கப் கெட்டிப் புளிக்கரைசலோ இந்தக் கட்டத்தில் போய் மூன்று நிமிடம் கொதிக்கணும். முன்னாலேயே போட்டால் புளிப்பு காயை இறுக்கிவிடும், சேனை எத்தனை நேரம் போனாலும் வேகாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

5. அடியில் தண்ணீர் அதிகம் தெரிந்தால் மூடியைத் திறந்து தீயைக் கூட்டி இப்போதே வற்ற வையுங்கள். தேங்காய் சேர்த்த பிறகு வற்ற வைக்க முடியாது, கொதிக்கக் கொதிக்கத் தேங்காய் திரிந்து எண்ணெய் தனியாக, சக்கை தனியாக நிற்கும்.

6. அரைத்ததைப் போட்டுப் பரப்பி, சிறு தீயில் மூன்று நிமிடம் மூடி வையுங்கள். தயிர் என்றால் அரை கப் கெட்டித் தயிரைக் கடைந்து, தீயை அணைத்த பிறகு ஊற்றுங்கள்.

7. ரெண்டு டேபிள்ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே சுற்றி விட்டு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, உடனே மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் திறக்கக் கூடாது. கடுகு தாளிப்பு கிடையாது. காய்ச்சாத எண்ணெயின் மணம்தான் இந்தக் கறிக்கு உயிர். தாளித்தால் அந்த மணம் வாணலியிலேயே போய்விடும்.

கலக்குவது தனிப் பாடம். கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் கரண்டி எடுக்கிற சின்னப் பையனை வைப்புக்காரர் அதட்டுவார்: "மக்கா, கரண்டியப் போட்டுக் கிண்டாத, ரெண்டு காதையும் பிடிச்சுக் குலுக்கு!" வீட்டிலும் அப்படித்தான். பாத்திரத்தைத் துணியால் பிடித்து ரெண்டு தடவை குலுக்குங்கள். கட்டாயம் கரண்டி வேண்டும் என்றால், காம்புப் பக்கத்தால் அடியில் இருந்து மேலே தூக்கிப் போடுங்கள்.

மூன்றாம் பதம்: வெண்ணெய் போல (கிச்சடி)

ரவா கிச்சடியோடு இதற்கு உறவு இல்லை. இது தயிரில் செய்கிற, எண்ணி பதினைந்து நிமிடத்தில் முடிகிற கறி. வெள்ளரிக்காய் 250 கிராம், தோலும் விதையும் நீக்கிப் பொடியாக நறுக்கியது. உப்பும் ரெண்டு கீறிய பச்சை மிளகாயும் போட்டுக் கால் கப் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் இறக்கி வையுங்கள்.

அரை கப் தேங்காய், ஒரு பச்சை மிளகாய், கால் டீஸ்பூன் சீரகம் மூன்றையும் கொஞ்சம் தயிர் விட்டு, விரலில் எடுத்தால் துகளே தட்டாத அளவுக்கு அரையுங்கள். கடைசியில் அரை டீஸ்பூன் கடுகு போட்டு ஒரே ஒரு சுற்று. கடுகு உடைந்து ஈரம் பட்டதும் காரமான அந்த மணம் எழும்பும். ஆனால் ரொம்ப அரைத்தால் கசக்கும். விழுதைக் காயில் சேர்த்து, சூடு ஏறி ஓரத்தில் குமிழி தெரிந்ததும் அணைத்துவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு கப் கடைந்த தயிர். கொதிக்கிறதில் ஊற்றினால் தயிர் திரிந்து தண்ணீராகும். மேலே கடுகு, வத்தல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

வெண்டைக்காயும் பாகற்காயும் என்றால் வட்டமாக நறுக்கி எண்ணெயில் முறுகப் பொரித்து, பரிமாறப் போகும்போது மட்டும் தயிர்க் கலவையில் சேர்க்க வேண்டும். பைனாப்பிளோ பழுத்த மாம்பழமோ போட்டு, கொஞ்சம் வெல்லமும் சேர்த்தால் இனிப்புப் பச்சடி. விருந்து இலையில் அதற்கும் ஓர் ஓரம் உண்டு, சின்னப் பிள்ளைகள் சோற்றைத் தொடுமுன் அதை வழித்துவிடுவார்கள்.

நான்காம் பதம்: பாதி அரைத்து, பாதி வறுத்து (எரிசேரி)

ஒரே கறியில் தேங்காய் ரெண்டு வேடம் போடுவது இதில்தான். கல்யாணத்துக்குச் சேனையும் ஏத்தங்காயும், வீட்டுக்குப் பூசணிக்காயும் தட்டைப்பயறும். இரண்டாவதைச் சொல்கிறேன், அது மலிவு.

கால் கப் சிவப்புத் தட்டைப்பயறை நாலு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் மூன்று விசில். குழையக் கூடாது, நசுக்கினால் நசுங்கணும். சிவப்புப் பூசணி 400 கிராம், தோல் சீவிப் பெரிய துண்டுகளாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் கப் தண்ணீரில் வேகவையுங்கள். வெந்ததும் நாலில் ஒரு பங்கைக் கரண்டியால் மசித்தால் கறி தானாகக் கெட்டிப்படும்.

ஒரு கப் தேங்காயில் மூன்றில் ரெண்டு பங்கை, முக்கால் டீஸ்பூன் நல்லமிளகு (மிளகு), அரை டீஸ்பூன் சீரகம், ஒரு வத்தலோடு அவியல் பதத்துக்கு அரைத்துச் சேர்த்து, பயறையும் போட்டு, ஒரு கொதி வந்ததும் அணையுங்கள். மீதித் தேங்காயை ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, வத்தல், கறிவேப்பிலை தாளித்த பிறகு போட்டு, செம்பொன் நிறம் வரும் வரை கை எடுக்காமல் வறுக்க வேண்டும். நிறம் மாறத் தொடங்கினால் அரை நிமிடத்தில் கருகிவிடும். போன் வந்தால் எடுக்காதீர்கள். அப்படியே சூடாகக் கறியின் மேல் கொட்டிக் கலந்துவிடுங்கள். பூசணியின் இனிப்பு, மிளகின் காரம், வறுத்த தேங்காயின் மணம் மூன்றும் சரியாக நிற்க உப்பு ஒரு பொடி கூடுதலாக வேண்டியிருக்கும், ருசி பார்த்துச் சேருங்கள்.

ஐந்தாம் பதம்: காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுத்தது (தீயல்)

தீயலைக் குழம்பாக ஊற்றிச் சாப்பிடுகிறவர்களே அதிகம். கெட்டியாக வற்ற வைத்தால் கஞ்சிக்கும் தயிர்ச் சோற்றுக்கும் அதுவே தொடுகறி.

ஒரு கப் தேங்காய், மூன்று சின்ன உள்ளி, கால் டீஸ்பூன் நல்லமிளகு. இரும்பு வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயோடு, சிறு தீயில், பதினைந்து நிமிடம் வரை வறுங்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லாம் தாண்டி, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தை எட்டணும். கறுப்பாகக் கூடாது. தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும், கசப்பு வந்தால் மாற்று மருந்து கிடையாது. கடைசி ஒரு நிமிடத்தில் ஐந்து வத்தலும் ஒரு டேபிள்ஸ்பூன் மல்லித்தூளும் சேர்த்துப் புரட்டி, வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். ஆறியதும் முதலில் தண்ணீர் இல்லாமல் அரையுங்கள். எண்ணெய் கசிந்து பொடி உருண்டு வரும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரைத்துக்கொள்ளுங்கள்.

உரித்த சின்ன உள்ளி 200 கிராமும், ஒரு பாகற்காயோ முருங்கைக்காயோ நறுக்கியதும் எண்ணெயில் வதக்கி, நெல்லிக்காய் அளவு புளியை ஒன்றரை கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அரைத்ததைச் சேர்த்து, ஓரங்களில் எண்ணெய் பிரியும் வரை சிறு தீயில் வற்ற வைத்தால் முடிந்தது.

எதற்கு எது, மிச்சத்தை என்ன செய்வது

சாம்பாருக்குத் துவரன். தீயலுக்கும் மோர்க்குழம்புக்கும் மெழுக்குப்புரட்டி. ரசமும் சம்பா அரிசிச் சோறும் மட்டும் என்றால் எரிசேரி வேண்டும், ஏதாவது ஒன்று கனமாக இருக்கணுமே. அவியல் தனி ராஜா, பருப்பும் நெய்யும் பப்படமும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். அடையோடும் போகும்.

தேங்காய் அரைத்த கறி வெயில் காலத்தில் சாயங்காலம் வரை தாங்காது. மதியத்துக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள், மிஞ்சினால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். தீயல் மட்டும் விதிவிலக்கு. தேங்காய் நன்றாக வறுபட்டிருப்பதாலும் புளி இருப்பதாலும் ஃப்ரிட்ஜில் ரெண்டு மூன்று நாள் நிற்கும், மறுநாள் ருசி கூடவும் செய்யும். துவரனை வாணலியில் ரெண்டு புரட்டு புரட்டினால் போதும். கிச்சடியைச் சுட வைக்கவே கூடாது. தயிர் ஊற்றிய அவியலை அடுப்பில் நேராக வைத்தால் திரிந்துவிடும், கிண்ணத்தில் எடுத்து இட்லிப் பானைக்குள் வைத்து ஐந்து நிமிடம் ஆவி காட்டி, புதிதாக ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பரிமாறுங்கள்.